ஆறாவது நகர்த்தலில் முடிந்த ஆட்டம்

ஞாயிறு மாலைகளில் நம் கிளப் ஹாலில் செஸ் ஆடும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் முடிந்ததும் போனை எடுத்து முதல் ஏழெட்டு நகர்த்தல்களைத் தட்டிப் பார்க்கிறார்கள். இதே நிலையில் முன்பு எத்தனை ஆட்டங்கள் நடந்தன, வெள்ளை ஜெயித்தது எத்தனை சதவீதம், டிரா எத்தனை, கறுப்பு எத்தனை எல்லாம் வந்துவிடுகிறது. "இதுக்குத்தான் அங்கிள் பர்சென்ட் அதிகம்" என்கிறான் ஒரு பையன். ஏன் அதிகம் என்று கேட்டேன். "அதான் போட்டிருக்கே!" என்றான்.

அந்த எண்களுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1966-ல் யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடில் மத்தனோவிச் என்ற கிராண்ட்மாஸ்டர் 'செஸ் இன்ஃபார்மேட்டர்' என்ற தொகுப்பைத் தொடங்கினார். உலகெங்கும் நடந்த முக்கியமான ஆட்டங்கள் நூற்றுக்கணக்கில் அதில் வரும். அப்போது விளக்கங்கள் வார்த்தையில் இருக்கவில்லை, எல்லாம் குறியீடாகத்தான் இருந்தன. எந்த மொழிக்காரரும் படிக்க முடிந்தது. ஆட்டத் தொடக்கங்களை ஏ00 முதல் இ99 வரை 500 தலைப்புகளாகப் பிரித்ததும் அவர்களே. நம் ஆட்கள் கணக்குத் தலைப்புகளுக்கு எண் கொடுப்பதுபோலத்தான்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1985-ல் காஸ்பரோவ் ஹாம்பர்க்கில் எட்டுப் பேருடன் ஒரே நேரத்தில் ஆடி 3½–4½ என்று தோற்றார். 1987-ல் மறுபடி போனபோது, அப்போது புதிதாக வந்திருந்த 'செஸ்பேஸ்' மென்பொருளில் எதிராளிகளின் பழைய ஆட்டங்களைப் பார்த்துத் தயாராகிப் போனார். 7–1 என்று ஜெயித்தார். பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்ப்பதன் பலன் அது. ஆனால் மறுபக்கமும் உண்டு. அதில் மாட்டியவர் நம் சென்னைக்காரர்.

1988, சுவிட்சர்லாந்தின் பீல் நகரம். 18 வயது விஸ்வநாதன் ஆனந்த் கறுப்பு, கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டா வெள்ளை. பெட்ரோஃப் தற்காப்பு. ஐந்தாவது நகர்த்தலில் ஆனந்த் பிஷப்பை எஃப்5 கட்டத்தில் வைத்தார். சபாட்டா ராணியை இ2-க்கு நகர்த்தினார். அவ்வளவுதான், ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். இ4-ல் இருக்கும் கறுப்புக் குதிரை நகர்ந்தால் ராஜா நேராக ராணியின் செக்கில் மாட்டும் என்பதால் அது நகரவே முடியாது. அடுத்து ஒரு சிப்பாய் டி3-க்கு வந்து குதிரையைத் தாக்கும். எப்படியும் ஒரு காய் போய்விடும்.

இந்த நகர்த்தலை ஆனந்த் எங்கே பிடித்தார்? இன்ஃபார்மேட்டரில். 1987-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் மைல்ஸுடன் ஆடிய கிறிஸ்டியன்சன் இதையே ஆடியிருந்தார். மைல்ஸ் ராணியை இ2-க்குக் கொண்டு வரவில்லை. ஆட்டம் டிரா. இரண்டு பேருமே கிராண்ட்மாஸ்டர்கள். அந்த ஒரு ஆட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் கறுப்புக்கு 50 சதவீதம்! பார்ப்பதற்கு நல்ல நகர்த்தல்தான்.

படித்தபோது எனக்குப் பழைய லெட்ஜர் ஞாபகம் வந்தது. நான் வேலை பார்த்த கிளை ஒன்றில் 5,940 என்ற பாக்கியை அடுத்த பக்கத்துக்கு எடுத்துப் போனபோது 9,540 என்று எழுதிவிட்டார்கள். கீழே இனிஷியல் இருந்ததால் அடுத்து வந்தவர்கள் யாரும் திரும்பக் கூட்டிப் பார்க்கவில்லை, நானும்தான். டேலி ஆகாத வித்தியாசம் 3,600. ஒன்பதால் மீதியின்றி வகுபட்டதால், இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று ஒரு பெரியவர் கண்டுபிடித்தார்.

அந்த சதவீதத்தில் நாற்பதாவது நகர்த்தலில் யாரோ செய்த தவறும் கலந்திருக்கும், நேரம் போதாமல் தோற்றவரும் இருப்பார். அதனால் உங்கள் பிள்ளை போனைப் பார்க்கும்போது, எத்தனை ஆட்டம், ஆடியவர்கள் யார், எதிராளி அடுத்து என்ன செய்யலாம் என்று மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். போன ஞாயிறு நான் அந்தப் பையனுக்கு மைல்ஸ் ஆட்டத்தை மட்டும் பலகையில் வைத்துக் காட்டி, வெள்ளைக்கு ஆறாவது நகர்த்தல் என்னவென்று கேட்டேன். போனை எடுக்கப் போனவனைத் தடுத்தேன். பத்து நிமிடம் தலையைச் சொறிந்துவிட்டு, ராணியைத் தொட்டான்.