மலாக்கா கார் பயணம்: கடலோரம், லேடாங் மலையடி, பழைய தோட்டங்கள்

பள்ளி விடுமுறைக்கு மலாக்கா போகும் குடும்பங்களில் பல, ஆயர் குரோ டோலில் இறங்கி, சிவப்புக் கட்டடத்தின் முன் படம் எடுத்து, ஜோங்கர் தெருவில் செண்டோல் குடித்துவிட்டு மாலையில் வீடு திரும்பிவிடுகின்றன. மாநிலத்தின் பெரும்பகுதி காரின் கண்ணாடிக்கு வெளியேயே நின்றுவிடுகிறது. மத்திய மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் என மூன்றே மாவட்டங்கள், சுமார் 1,700 சதுர கிலோமீட்டர் பரப்பு. சரியாகத் திட்டமிட்டால் ஒரு வார இறுதிக்குள் மேற்கே கடற்கரை, கிழக்கே மலையடிவாரம், நடுவே தோட்டங்கள் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் திராட்சைத் தோட்டங்களைப் பார்ப்பதற்கென்றே கார் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மலாக்காவில் அந்த இடத்தில் இருப்பவை ரப்பரும் செம்பனையும். ஆனால் இங்குள்ள தமிழ்க் குடும்பம் ஒன்று அந்தச் சாலையில் போகும்போது, பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் பாட்டி பால் வெட்டிய நிரை எது, லயம் நின்ற மேடு எது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள். செம்பனை சுமார் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்யப்படும் பயிர். ஒவ்வொரு மறுநடவிலும் பழைய லயத்தின் அடித்தளம், கிணறு, மாமரம் என ஏதாவது ஒன்று புல்டோசருக்குப் போய்விடுகிறது. பெரியவர்களை அழைத்துச் செல்ல நினைக்கும் குடும்பங்கள் அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

எப்போது போவது?

மலாக்கா நீரிணை இருப்பது மேற்குப் பக்கம். ஆகவே சூரியன் மறைவதைக் கடற்கரையில் பார்க்கலாம். ஏறக்குறைய ஆண்டு முழுவதும் மாலை 7 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில் அது நடக்கும். லேடாங் மலை கிழக்கே இருக்கிறது. காலையில் தெளிவாகத் தெரியும் மலை, மதியத்துக்குப் பிறகு பெரும்பாலும் மேகத்துக்குள் போய்விடும். எனவே காலையில் மலை, மாலையில் கடல் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டாலே பாதித் திட்டம் முடிந்தது. மாற்றிப் போட்டால் இரண்டையும் இழக்க நேரிடும்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அதிகம். ஆண்டின் நடு மாதங்களில் விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து பலத்த காற்றோடு மழை வந்து ஓரிரு மணி நேரத்தில் ஓய்வதும் உண்டு. அன்று காலை வானம் இருண்டிருந்தால் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை, பசியாறிவிட்டுக் கிளம்பினால் போதும். சில ஆண்டுகளில் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். அப்போது மலையும் தெரியாது, கடலும் தெரியாது.

நீண்ட விடுமுறைகளில் ஆயர் குரோ டோலிலிருந்து நகருக்குள் போகும் சாலை நகராது. வடக்கிலிருந்து வருவோர் சிம்பாங் அம்பாட்டில் இறங்கி அலோர் காஜா வழியாகவும், தெற்கிலிருந்து வருவோர் ஜாசின் டோலிலும் இறங்கலாம்.

முதல் நாள்: கடலோரம்

கோலாலம்பூர், சிரம்பான் பக்கமிருந்து வருவோருக்கு நெடுஞ்சாலையை விடப் போர்ட்டிக்சன் வழி பொருத்தமானது. போர்ட்டிக்சனுக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் தஞ்சோங் துவான் முனை, நான்கு புறமும் நெகிரி செம்பிலானும் கடலும் சூழ்ந்திருந்தாலும் மலாக்காவுக்குச் சொந்தமான நிலம். அதன் உச்சியில் உள்ள கலங்கரை விளக்கம் போர்த்துகீசியர் காலத்தில் தொடங்கியது. இன்று நிற்கும் கட்டடம் 1863ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1606இல் டச்சுக்காரரும் போர்த்துகீசியரும் இந்த முனைக்கு எதிரே கடற்போர் நடத்தினர். நீரிணை இங்கே குறுகுவதால், குளிர்நாடுகளுக்குத் திரும்பும் பருந்துகள் மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டி இந்த முனையில்தான் கரை சேரும். பார்க்க ஏற்ற நேரம் முற்பகல். மேலே ஏறும் பாதை செங்குத்தானது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே கடற்கரையில் இருந்துகொள்ளலாம்.

லிங்கி ஆற்றைக் கடந்தால் மீண்டும் மலாக்கா. ஆற்று முகத்துவாரத்தில் டச்சுக்காரர் கோட்டையின் சிதைவுகள் இருக்கின்றன, பத்து நிமிடம் போதும். அங்கிருந்து மஸ்ஜித் தானாவை ஒட்டிய கரையில் பெங்காலான் பாலாக், தஞ்சோங் பிடாரா என்று நல்ல மணற்கரைகள் வரும். மாநிலத்தின் மற்றக் கடற்கரைகள் பெரும்பாலும் சேறு என்பதால் குழந்தைகளைத் தண்ணீரில் விட இந்த இரண்டுமே ஏற்றவை. பாடாங் கெமுந்திங்கில் ஆமைப் பாதுகாப்பு மையம் உள்ளது. இந்தக் கரைகளில் முட்டையிட வருபவை அழிவின் விளிம்பில் உள்ள அழுங்காமைகள். இரவில் கரையில் டார்ச் அடிப்பதும் நெருப்பு மூட்டுவதும் அவற்றைத் திரும்பிப் போகச் செய்துவிடும்.

மாலைச் சூரியனைத் தஞ்சோங் பிடாராவில் பார்த்துவிட்டு, சுங்கை ஊடாங் வழியாக நகருக்கு வந்து தங்குவது வசதி. நகரில் அடுத்த நாள் காலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு இடங்களைப் பார்க்கலாம். ஒன்று, தட்டார் தெரு எனப்படும் ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம். நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. பள்ளிவாசலும் சீனர் கோயிலும் அருகிலேயே நிற்கின்றன. மாசி மகத்தின்போது இங்கிருந்து செங் சன்னியாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு ரதம் புறப்படும். அந்த நாள்களில் கார் எடுத்துக்கொண்டு செங் பக்கம் போனால் நிறுத்த இடம் கிடைக்காது. இன்னொன்று, காஜா பேராங்கில் உள்ள கம்போங் செட்டி. சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. அது குடியிருப்புப் பகுதி என்பதை மனத்தில் வைத்து, வாசலில் நின்று கேட்டுவிட்டுப் படம் எடுக்க வேண்டும்.

ஒரு சிறு தகவல். கடைகளில் விற்கும் குலா மலாக்காவும், பழைய தோட்டங்களில் கடை வைத்து விற்கப்பட்ட தென்னங்கள்ளும் ஒரே பாளையிலிருந்து வருபவை. இறக்கிய உடனே காய்ச்சினால் சர்க்கரை, விட்டு வைத்தால் கள். சம்பள நாளில் கள்ளுக்கடை எத்தனை குடும்பங்களின் அரிசிக் காசை விழுங்கியது என்பதைப் பெரியவர்கள் சொல்வார்கள். குடித்துவிட்டு ஓட்டுவோருக்கான சட்டம் 2020 அக்டோபரில் கடுமையாக்கப்பட்டு, அனுமதிக்கப்பட்ட அளவு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டது. ஓட்டுபவருக்கு இளநீரே போதும்.

இரண்டாம் நாள்: ஜாசின், அசாஹான், லேடாங்

காலை 7 மணிக்குள் நகரை விட்டால் ஜாசின் வழியாக அசாஹான் போகும்போது லேடாங் மலை எதிரே முழுதாகத் தெரியும். 1,276 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் ஜொகூருக்குச் சொந்தம். ஆனால் அதன் மேற்கு அடிவாரம் ஜாசின் மாவட்டத்தைத் தொடுகிறது. சிகரம் ஏறுவது வேறு கதை. அதற்கு முன்பதிவும் வழிகாட்டியும் தேவை, குடும்பப் பயணத்தோடு அதைச் சேர்க்கக்கூடாது. அருவிகளுக்குப் போக நினைப்பவர்கள் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கீழே வெயில் அடித்தாலும் மலை மேல் மழை பெய்தால் சில நிமிடங்களில் நீர் பெருகி வரும். தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் அந்த நொடியே கரையேற வேண்டும்.

இந்தச் சாலைக்கு இன்னொரு பெருமை உண்டு. மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக முதலில் வேர் ஊன்றியது மலாக்காவில்தான். 1896இல் மலாக்காவைச் சேர்ந்த தான் சே யான், நகருக்குச் சற்று வெளியே புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசாஹானில் அதைப் போலப் பல மடங்கு பெரிய தோட்டத்தைத் திறந்தார். நாடெங்கும் பரவிய ரப்பரும், அதற்காகக் கப்பல் ஏறிய தமிழர்களும் அதற்குப் பின் வந்த கதை. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்தச் செய்தியை, பிள்ளைகள் அந்த இடத்தில் நின்று கேட்டால் மறக்கமாட்டார்கள்.

தோட்டத்துக்குள் போகும்போது

கெமுனிங், காடேக், தெபோங், சுங்கை பாரு, டைமண்ட் ஜூபிலி, புக்கிட் அசாஹான் போன்ற பெயர்களைக் கேட்டாலே ஊர் நினைவு வருபவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். ஆனால் கூகுள் மேப்பில் அந்தப் பெயரைப் போட்டுப் புறப்படுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வேறு இடத்துக்கு மாறிய தமிழ்ப்பள்ளிகள் பல, பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பெயரைத் தேடினால் கார் நேராகப் புதிய குடியிருப்பில் உள்ள பள்ளி வாசலில் போய் நிற்கும். நிறுவனம் கைமாறியதால் தோட்டத்தின் பெயரே மாறியிருப்பதும் உண்டு. எந்த டிவிஷன், பக்கத்தில் எந்த ஆறு, எந்தக் கம்பம், கோயில் எந்தப் பக்கம் என்பதைப் பெரியவரிடம் முன்னிரவிலேயே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. காரில் ஏறிய பிறகு கேட்டால், சாலை மாறிவிட்டதே என்ற குழப்பத்தில் அவருக்கும் நினைவு தடுமாறும்.

தோட்டம் தனியார் நிலம். முன்பு அங்கே பிறந்தவர் என்பதால் உள்ளே போகும் உரிமை வந்துவிடாது. காவல் சாவடியில் நிறுத்தி, யார், எங்கே போகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். வேலை நாளில் அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி வைத்தால் சிரமமில்லை. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் மூடியிருக்கும், காவலாளி தனியாக முடிவெடுக்க மாட்டார். பழத்தைப் பறிப்பதோ, மரத்தடியில் உதிர்ந்த செம்பனைப் பழத்தைப் பொறுக்குவதோ திருட்டாகவே பார்க்கப்படும். பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் விட எளிய வழி, தோட்டத்துக் கோயில் திருவிழா நாளில் போவது. லயங்கள் காலியாகிப் போன பல தோட்டங்களில் கோயில் மட்டும் நிற்கிறது. வெளியூர் போய்விட்ட குடும்பங்கள் அந்த ஒரு நாளில் ஒன்றுகூடுகின்றன. அன்று கதவு திறந்திருக்கும், அன்னதானம் இருக்கும், நாற்பது ஆண்டுகளாகப் பார்க்காத பக்கத்து வீட்டு அக்காவும் எதிரே வந்து நிற்கலாம். திருவிழாத் தேதியைக் கோயில் நிர்வாகத்திடம் கேட்டு, அதைச் சுற்றியே மற்ற இடங்களைத் திட்டமிடுவது சிறப்பு.

இடுகாட்டுக்குப் போக விரும்பும் பெரியவர்கள் உண்டு. தாய் தந்தையின் குழி செம்பனைகளுக்கு நடுவே புதர் மண்டிக் கிடக்கலாம், அடையாளமே இல்லாமலும் போயிருக்கலாம். அதற்கு அவரை முன்கூட்டியே தயார்ப்படுத்த வேண்டும். பாராங் கத்தி, முழுக்கால் சட்டை, மூடிய காலணி, கற்பூரம், தீப்பெட்டி இவை காரில் இருக்கட்டும். பாம்புப் பயம் உண்டு என்பதால் வெயில் ஏறிய பிறகு, ஆள்துணையோடு போக வேண்டும். அங்கே அவசரப்படுத்தக் கூடாது. அடுத்த இடத்தைப் பார்க்க நேரமில்லாமல் போனால், விடுபட வேண்டியது அடுத்த இடம்தான்.

அவர் பேசத் தொடங்கினால் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம். பெரட்டு எத்தனை மணிக்கு, கங்காணி யார், ஆயக்கொட்டகை எங்கே, ஸ்டோர் எங்கே என்று சிறு கேள்விகள் கேட்டால் பேச்சு தானாக வரும். பொதுவாக, அந்தக் காலம் எப்படி இருந்தது என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்பதோடு நின்றுவிடுவார்கள்.

சாலையும் வாகனமும்

உட்புறச் சாலைகளில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளே முக்கியமான ஆபத்து. வளைவில் சிதறிய பழங்கள் மழையில் வழுக்கும், மோட்டார் சைக்கிளில் போவோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலையில் மழைக்குப் பிறகு சாதாரணக் கார் புதைந்துகொள்ளும். கோயில் வரை தார்ச்சாலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டே உள்ளே திரும்ப வேண்டும். ஜாசின் பட்டணத்தைத் தாண்டினால் எண்ணெய் நிலையங்களும் நல்ல கழிப்பறைகளும் குறைவு. நீரிழிவு மாத்திரை சாப்பிடும் பெரியவர் வண்டியில் இருந்தால் ஜாசினிலேயே நிறுத்திச் சாப்பிட வைப்பது நல்லது.

நீண்ட நேரம் காரில் உட்கார முடியாதவர்கள் ரயிலில் பூலாவ் செபாங் வரை வந்து இறங்க, அங்கிருந்து குடும்பத்தார் காரில் ஏற்றிக்கொள்ளலாம். மலாக்கா நகருக்கு ரயில் கிடையாது. தம்பினிலிருந்து நகர் வரை ஒரு காலத்தில் கிளைப்பாதை இருந்தது. ஜப்பானியர் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம் – பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களையும் அதே வேலைக்கு அனுப்பினார்கள். பலர் திரும்பவில்லை. குடும்பத்தில் அப்படிப் போனவர் பெயர் ஏதும் இருந்தால் பூலாவ் செபாங் நிலையத்தில் நின்று கேட்கலாம்.

பக்கத்திலேயே காடேக் வெந்நீர் ஊற்று இருக்கிறது. முதியவர்கள் கால் நனைக்க ஏற்ற இடம். கடைசி நாள் பிற்பகலை அங்கே கழித்துவிட்டு சிம்பாங் அம்பாட்டில் நெடுஞ்சாலை ஏறினால் கோலாலம்பூர் திசை வசதி. ஜொகூர் போகிறவர்கள் அசாஹானிலிருந்தே தங்காக் போய், அங்குள்ள துணிக்கடைகளைப் பார்த்துவிட்டு அந்த டோலில் ஏறலாம். மூவார் பக்கத்துக்காரர்களுக்கு மெர்லிமாவ் வழிதான் கிட்டம். கடலை இன்னொரு முறை பார்க்க விரும்பினால் உம்பாயில் இறங்கிச் சுட்ட மீன் சாப்பிடலாம். ஆறரை மணிக்குள் போனால் மேசை கிடைக்கும்.