குவார்ட்டர்பேக்குக்காக மேலிடம் வாங்குதல்: விலை எப்போது முடிவாகிறது?

அமெரிக்காவின் என்.எஃப்.எல். கால்பந்தில் புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்க ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில், முந்தைய பருவத்தில் அதிகம் தோற்ற அணிக்கே முதல் வாய்ப்பு. தாக்குதலை வழிநடத்தும் ஒரு குவார்ட்டர்பேக்கின் மேல் கண் வைத்த அணி, தன் இடத்தோடு அடுத்த ஆண்டுகளின் தேர்வுரிமைகளையும் கொடுத்து மேலிடம் வாங்குகிறது. அந்த வீரர் பின்னாளில் எப்படி ஆடினார் என்பதை வைத்தே இந்தப் பேரம் பலித்ததா என்று முடிவு கட்டுகிறார்கள். அது பாதிக் கணக்குதான். எதிர்கால உரிமைகளைக் கொடுத்த அணி உண்மையில் எவ்வளவு கொடுத்தது என்பது, பேரம் முடிந்த நாளில் யாருக்கும் தெரியாது.

2012இல் வாஷிங்டன் அணி ராபர்ட் கிரிஃபினுக்காக 6ஆம் இடத்திலிருந்து 2ஆம் இடத்துக்கு ஏறியது. ஈடாக, அவ்வாண்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் 2013, 2014 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் சேர்த்துக் கொடுத்தது. முதல் பருவத்தில் கிரிஃபின் ஒளிர்ந்தார், அணி தன் பிரிவில் முதலாவதாக வந்தது. அதனால் கைவிட்டுப்போன 2013 தேர்வு 22ஆம் இடத்தில் விழுந்தது. பிறகு முழங்கால் காயம். அடுத்த பருவத்தில் 16 ஆட்டங்களில் 3 வெற்றி மட்டுமே. 2014 தேர்வு 2ஆம் இடமாகி, பேரம் பேசிய மறு அணிக்குப் போனது. ஒரே ஒப்பந்தத்தின் இரு தவணைகளில், வீரர் தேறிய ஆண்டில் விலை குறைந்தது, தடுமாறிய ஆண்டில் பல மடங்கானது. தவறிய அணி இப்படி இரண்டு முறை இழக்கிறது.

வழக்கமான மதிப்பீடு இதைப் பார்ப்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் அணியில் பிறந்த புள்ளிப் பட்டியல் முதல் இடத்துக்கு 3000 புள்ளி தருகிறது. அடுத்த ஆண்டின் முதல் சுற்றை இவ்வாண்டின் இரண்டாம் சுற்றுக்குச் சமமாக எண்ணும் பழக்கமும் உண்டு. மேலிடங்கள் தகுதிக்கு மிஞ்சி விலைபோகின்றன என்று ஆய்வாளர்கள் கேட் மேஸியும் ரிச்சர்ட் தேலரும் காட்டினார்கள். பலவீனமான அணி தன் எதிர்காலத்தைத் தகுதிக்குக் கீழே விற்கிறது என்பதையும் அதனோடு சேர்க்க வேண்டும். 2023இல் முதலிடம் வாங்கிப் பிரைஸ் யங்கை எடுத்த கரோலினா அந்தப் பருவத்தில் 2 ஆட்டங்களே வென்றது. அந்த இடத்துக்காகச் சிகாகோவுக்குக் கொடுத்திருந்த தேர்வு 2024இன் முதலிடமாகவே ஆனது. 2017இல் கான்சாஸ் சிட்டி பாட்ரிக் மஹோம்ஸுக்காகக் கொடுத்த அடுத்த ஆண்டுத் தேர்வோ 22ஆம் இடம்தான். அலெக்ஸ் ஸ்மித்தை வைத்து ஏற்கெனவே வென்றுகொண்டிருந்த அணி அது.

டிரே லான்ஸுக்காக இரண்டு எதிர்கால முதல் சுற்றுகளைக் கொடுத்த சான்பிரான்சிஸ்கோவை மறுப்பாகக் காட்டலாம். லான்ஸ் நிலைக்கவில்லை, ஆனால் கொடுத்த இரண்டு தேர்வுகளும் 29ஆம் இடங்களாகவே முடிந்தன. அந்த அணியின் வலிமை அவரை நம்பியிருக்கவில்லை.

நலிந்த அணிக்கு வேறு வழி ஏது என்ற கேள்வி நியாயமானது. 2018இல் பஃபலோ, ஜாஷ் ஆலனுக்காக 12இலிருந்து 7ஆம் இடத்துக்கு ஏறியபோது அதே ஆண்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் இரண்டைக் கொடுத்தது, எதிர்காலத்தைத் தொடவில்லை. ஆலனின் முதல் பருவத்தில் அணி 6 ஆட்டங்களே வென்றது. அதனால் கிடைத்த 9ஆம் இடம் பஃபலோவிடமே இருந்தது. எட் ஆலிவரை அதில்தான் எடுத்தார்கள்.