இலிஷ்: ஒரு மீன், ஏழு சமையல், 23 செ.மீ. கணக்கு

மழை பிடித்ததும் கொல்கத்தாவில் ஆஃபீஸ் மதியச் சாப்பாட்டுப் பேச்சு ஒரே மீனைச் சுற்றித்தான் ஓடும். கோலாகாட் மீனா, டைமண்ட் ஹார்பர் மீனா, பத்மா மீனா? கிலோ என்ன விலை? முட்டை இருந்ததா? செக்டர் ஃபைவிலோ நியூ டவுனிலோ வேலைக்கு வந்து சேர்ந்த தமிழர்கள் முதல் வருஷம் இதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள். இரண்டாவது வருஷம் வாங்கிப் பார்க்கத் தோன்றும். வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. எப்படிச் சமைப்பது என்பது ஒன்று. எந்த மீனை வாங்காமல் விடுவது என்பது இன்னொன்று.

இலிஷ் என்பது என்ன மீன்?

இந்தியில் ஹில்சா, வங்காளத்தில் இலிஷ், தெலுங்கில் புலசா. தமிழில் இதற்கு உல்லம் என்று பெயர். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறி வரும் மீன். அந்த நீண்ட பயணத்துக்காக உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும். இதன் ருசி முழுக்க அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது. கடலில் பிடித்ததைவிட ஆற்றில் பிடித்ததுக்கு மவுசு அதிகமாக இருப்பதும் இந்தப் பயணத்தால்தான்.

வங்கதேசத்துக்கு இது தேசிய மீன், மேற்கு வங்கத்துக்கு மாநில மீன். கொல்கத்தாவில் இதற்குக் கால்பந்து அரசியலும் உண்டு. கிழக்கு வங்கத்தில் வேர் உள்ள 'பாங்கால்' குடும்பங்களின் ஈஸ்ட் பெங்கால் அணி ஜெயித்தால் இலிஷ். மேற்கு வங்கத்து 'கோட்டி' குடும்பங்களின் மோகன் பகான் ஜெயித்தால் இறால்.

வாங்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

மாணிக்தலா, கரியாஹாட், லேக் மார்க்கெட் எதுவானாலும் மீன்காரர் முதலில் கேட்பது எப்படி வெட்டணும் என்பதைத்தான். பெரிய இலிஷில் இரண்டு பகுதி உண்டு. முதுகுப் பக்கத் துண்டு 'காதா'. அதில் சதை அதிகம், முள்ளும் அதிகம். வயிற்றுப் பக்கத் துண்டு 'பேட்டி'. நேர்காணல் இல்லைங்க, கொழுப்பு நிறைந்த, முள் குறைவான பகுதி. முதல்முறை சாப்பிடுபவர்கள் பேட்டியில் தொடங்குவது நல்லது. சின்ன மீனாக இருந்தால் இப்படிப் பிரிக்காமல் வட்டத் துண்டாகவே போட்டுவிடுவார்கள்.

மீன்காரர் வெட்டுவது 'போட்டி'யில். நம்ம வீட்டு அரிவாள்மனைதான், கொஞ்சம் பெரியது. மீனை முழுதாகக் கழுவிய பிறகுதான் வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளை நம்ம ஊர்ப் பழக்கத்தில் மஞ்சள், உப்பு போட்டு நாலு தண்ணி அலசினால், காசு கொடுத்து வாங்கிய கொழுப்பும் மணமும் சிங்க்கில் போய்விடும். வங்காள வீடுகளில் இதைச் செய்யவே மாட்டார்கள்.

இன்னொரு கேள்வி, முட்டை உள்ளதா இல்லாததா? முட்டை நிறைந்த மீனில் உடம்புக் கொழுப்பு முட்டைக்குப் போய்விடும், சதை ருசி குறையும் என்பது பழகியவர்கள் சொல்லும் கணக்கு. முட்டை வறுவலுக்காகவே வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

ஏழு விதச் சமையல் என்னென்ன?

பொதுவான விதி ஒன்று. கொல்கத்தா வீடுகளில் இலிஷுக்கு வெங்காயம், பூண்டு, கரம் மசாலா போடுவதில்லை. வங்கதேசத்தில் வெங்காயம் சேர்க்கும் வகைகள் உண்டு. எண்ணெய் எப்போதும் கடுகெண்ணெய்தான். நல்லெண்ணெயில் செய்தால் அது வேறு குழம்பு.

1. பாஜா. உப்பு, மஞ்சள் மட்டும் தடவி, புகையும் வரை காய்ந்த கடுகெண்ணெயில் பொரிப்பது. மீனிலிருந்து கொழுப்பு இறங்கி வாணலியில் எண்ணெய் கூடும். அந்த எண்ணெயைக் கொட்டிடாதீங்க! சூடான சோற்றில் அதை ஊற்றி, உப்பும் ஒரு பச்சைமிளகாயும் வைத்துப் பிசைந்து சாப்பிடுவதுதான் முதல் கோர்ஸ். மழை நாளில் பருப்பும் அரிசியும் சேர்ந்த கிச்சுரியோடு இந்தப் பொரித்த மீன் வரும்.

2. ஷோர்ஷே இலிஷ். கடுகு அரைத்த குழம்பு. எல்லோரும் பேசும் வகை இதுதான். கடுகு கசந்துவிடும் என்பதுதான் புதிதாகச் செய்பவர்களின் பயம். கடுகை ஊறவைத்து, உப்பும் பச்சைமிளகாயும் சேர்த்து, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டுங்கள். தோல் நெருடினால் வடிகட்டிக்கொள்ளுங்கள். கருஞ்சீரகம் தாளித்து, அரைத்ததைக் கரைத்து ஊற்றி, மீனைப் போட்டுச் சின்னத் தீயில் சில நிமிஷம் வைத்தால் போதும். அதிகம் கொதித்தால் கடுகின் காரம் போய்விடும், மீனும் உடையும்.

3. பாபா. ஆவியில் வேகவைப்பது. ஃபிளாட்டில் ஒற்றை அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஏற்ற வகை. நாலு துண்டு மீன், இரண்டு மேஜைக்கரண்டி கடுகு அரைத்தது, ஒரு மேஜைக்கரண்டி அடித்த தயிர், கொஞ்சம் தேங்காய்த்துருவல், மஞ்சள், உப்பு, கீறிய பச்சைமிளகாய் நாலு, பச்சைக் கடுகெண்ணெய் இரண்டு மேஜைக்கரண்டி. எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவில் கலந்து இறுக மூடுங்கள். இட்லி அவிப்பதுபோல கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தில் 15 நிமிஷம் வையுங்கள். உடனே திறக்காமல் இன்னும் ஐந்து நிமிஷம் விடுங்கள். அவ்வளவுதான்.

4. பாதுரி. இதே கடுகு மசாலாவை மீனில் தடவி, வாட்டிய வாழையிலையில் பொட்டலம் கட்டித் தோசைக்கல்லிலோ ஆவியிலோ வேகவைப்பது. கேரளத்து மீன் பொள்ளிச்சது சாப்பிட்டவர்களுக்கு இலை வாசனை பழகியதுதான். உள்ளே இருக்கும் கடுகு நெடிதான் புதுசு.

5. பாத்லா ஜோல். தண்ணியாக வைக்கும் குழம்பு. கருஞ்சீரகம், பச்சைமிளகாய், மஞ்சள், கத்திரிக்காய். வேறு மசாலா கிடையாது. ஷோர்ஷே அளவுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் வீடுகளில் அடிக்கடி செய்வது இதைத்தான். மீன் நல்ல மீனா இல்லையா என்பதை இந்தக் குழம்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஒளிந்துகொள்ள மசாலா இல்லை.

6. தலையும் கீரையும். தலையைப் பொரித்து உடைத்து, சேப்பந்தண்டோடு அல்லது கொடிப்பசலையோடு சேர்த்துக் கிளறுவது. கீரைக்கு மீன் கொழுப்பு ஏறும். தலை வேண்டாம் என்று மீன்காரரிடமே விட்டுவிட்டு வந்தால், அடுத்து நிற்பவர் சந்தோஷமாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

7. டோக். தலையோ வாலோ போட்டு, புளியும் கொஞ்சம் இனிப்பும் சேர்த்த புளிப்புக் குழம்பு. நம்ம மீன் குழம்புக்கு மிக அருகில் வருவது இதுதான். வித்தியாசம், சாப்பாட்டின் கடைசியில் பரிமாறுவார்கள். ஆந்திரத்தில் கோதாவரிக் கரைக்காரர்கள் புலசாவைப் புளி ஊற்றித்தான் வைப்பார்கள், அதுவும் மறுநாள் சாப்பிடுவது விசேஷம். தாலியை விற்றாவது புலசா தின்ன வேண்டும் என்பது அங்கே சொலவடை.

இவை தவிர இலிஷ் புலாவ் உண்டு. பழைய கொல்கத்தா கிளப்களில் முள் நீக்கிப் புகையில் வாட்டிய இலிஷும் பிரபலம்.

முள்ளை என்ன செய்வது?

இலிஷில் சதைக்குள்ளேயே மயிரிழை போன்ற முள்கள் இருக்கும். ஸ்பூனால் சாப்பிட முடியாது. கையால் ஒரு வாய் அளவு பிய்த்து, விரலால் தடவிப் பார்த்து, முள்ளை எடுத்துவிட்டுச் சோற்றோடு பிசைய வேண்டும். வால் பக்கம் முள் மிக அதிகம். சின்ன மீனில் முள்ளும் நுணுக்கமாக இருப்பதால் பிரிப்பது இன்னும் கஷ்டம்.

ஏன் இவ்வளவு தட்டுப்பாடு?

முதல் காரணம் ஆறு. 1975-ல் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கிய பிறகு கங்கையில் இந்த மீன் ஏறுவது தடைப்பட்டது. அதற்கு முன் பீகாரின் பக்ஸர், உத்தரப் பிரதேசத்தின் அலகாபாத் வரை இலிஷ் போய்க்கொண்டிருந்தது. பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இப்போது ஃபராக்காவுக்கு மேலே இலிஷை விட்டு, அது திரும்பப் பெருகுமா என்று முயன்றுவருகிறது.

இரண்டாவது, எல்லை. வங்கதேசம் 2012-ல் இலிஷ் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2019 முதல் துர்கா பூஜையை ஒட்டி மட்டும் கொஞ்சம் அனுமதிக்கிறது. 2024-ல் ஆட்சி மாறியதும் முதலில் இல்லை என்றார்கள். பிறகு 3,000 டன்னுக்கு அனுமதி என்று அறிவித்தார்கள். 2025-ல் அனுமதி 1,200 டன்னாகக் குறைந்தது. பெட்ராபோல் எல்லை வழியாக ஹவுரா மொத்தச் சந்தைக்கு வரும் இந்த மீனுக்குத்தான் 'பத்மா இலிஷ்' என்று தனி விலை. இடைவெளியை மியான்மரின் உறைமீனும் குஜராத்தின் பரூச் பக்கத்து மீனும் நிரப்புகின்றன. ஆகவே பலகையில் 'பத்மா' என்று எழுதியிருப்பதெல்லாம் பத்மா என்று நம்பிவிட வேண்டாம்.

மூன்றாவது காரணம் வலை. இது வாங்குகிற நம்மோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

23 செ.மீ. கணக்கு என்ன?

பெரிய மீனின் விலை கைக்கு எட்டாதபோது சந்தையில் குட்டி இலிஷ் வந்து நிற்கும். பெயர் 'கோகா இலிஷ்'. கோகா என்றால் சின்னப் பையன். மேற்கு வங்கத்தில் 23 செ.மீ.-க்குக் குறைவான இலிஷைப் பிடிப்பதும் விற்பதும் சட்டவிரோதம். ஆனாலும் சீசனில் வெளிப்படையாகவே விற்பதைப் பார்க்கலாம். ஆஃபீஸ் பிரின்டரில் இருக்கும் ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. மீனின் நீளம் அந்த அகலத்தைவிட ஒரு விரலளவுகூடக் கூடுதலாக இல்லையென்றால், அது பிடித்திருக்கவே கூடாத மீன்.

அந்த அளவு மீன் முழு வளர்ச்சி அடையாதது. கொழுப்பு ஏறாது. மேலே சொன்ன ஏழு சமையலில் எதுவுமே அதில் சரியாக வராது. பாஜா செய்தால் எண்ணெய் இறங்காது, பேட்டி என்று தனித் துண்டு கிடையாது, முள் மட்டும் மிச்சம். மலிவு என்று வாங்கியவருக்கும் நஷ்டம், முட்டையிட வேண்டிய மீனும் போச்சு. அதே மீன் வளர்ந்து திரும்பி வந்திருந்தால் மீனவருக்கும் பல மடங்கு விலை கிடைத்திருக்கும்.

அரைக் கிலோ மீன் இந்த அளவைத் தாண்டியதுதான், சட்டப்படி தப்பில்லை. ஆனால் ருசி தெரிய வேண்டுமானால் ஆளுக்கு ஒரு பங்கு போட்டு, நாலு பேர் சேர்ந்து ஒரு கிலோ மீன் ஒன்று வாங்குவது புத்திசாலித்தனம். ஆப்பில் வெட்டிய துண்டாக வாங்கினால் நீளம் தெரியாது. முழு மீனின் எடை என்ன என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லை என்றால் சந்தைக்கே போய்விடுங்கள்.

எப்போது வாங்கலாம்?

வங்காள வீடுகளில் இதற்குப் பழைய ஏற்பாடு இருந்தது. பல குடும்பங்கள் விஜயதசமி அல்லது லட்சுமி பூஜையோடு இலிஷை நிறுத்திவிட்டு, சரஸ்வதி பூஜையன்றுதான் மறுபடி தொடுவார்கள். பாங்கால் வீடுகளில் அன்று ஜோடி இலிஷ் வாங்குவது வழக்கம். நடுவில் உள்ள மாதங்களில் குஞ்சுகள் ஆற்றில் வளரும். வழக்கம் எந்தக் காரணத்தால் வந்திருந்தாலும் மீனுக்கு அது ஓய்வுக்காலம்.

அரசு வகுத்த ஓய்வும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடல் மீன்பிடித் தடை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையிலும் இதே தேதிதான். ஆகவே மருமகனுக்கு விருந்து வைக்கும் ஜமாய் ஷஷ்டி இந்த நாட்களுக்குள் வந்தால் தட்டில் விழும் இலிஷ் பெரும்பாலும் குளிர்கிடங்கு மீன். மாமியார் வீட்டில் சொல்லிக் காட்ட வேண்டாம், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உல்லம் ஒருகாலத்தில் கடலிலிருந்து கொள்ளிடத்திலும் காவிரியிலும் ஏறி வந்த மீன். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொள்ளிடம் கீழணை அருகே இதைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்கவைக்க மதராஸ் மாகாண மீன்வளத் துறை முயன்றது. 1934-ல் மேட்டூர் அணை வந்து, ஆற்றில் வெள்ளம் குறைந்ததும் அந்த மீன்பிடிப்பு சரிந்துவிட்டது. இன்று தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஆற்று உல்லத்தைப் பற்றிக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? மீன் போனதோடு அதன் சமையலும் பேச்சிலிருந்து போய்விட்டது. ஏழு விதமாகச் சமைக்கத் தெரிந்த கொல்கத்தாவுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. ஹூக்ளியிலும் ரூப்நாராயணிலும் இன்னும் மீன் ஏறுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், ஜூலை முதல் பூஜை வரை, ஒரு கிலோவை ஒட்டிய மீனாக வாங்குங்கள். முதல்முறை பாபா, அடுத்தமுறை பாத்லா ஜோல் செய்து பாருங்கள். மற்ற மாதங்களில் கடுகு ஆசை வந்தால் பெட்கி இருக்கிறது, நம்ம கொடுவாதான். பாதுரிக்கு அதுவே பிரமாதம். இறாலைக்கூட அதே டிபன் டப்பாவில் பாபா செய்யலாம். ஈஸ்ட் பெங்கால் ரசிகர் யாராவது பக்கத்தில் இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள்.