கதவைத் திறந்தவர்கள்

திருமணம் பிறவிதோறும் தொடரும் தளை என்று ஒரு சாரார் ஓதிவந்த காலத்திலேயே, அது இருவர் உடன்பட்டுச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்று கூறிய சமயம் இஸ்லாம். மணமகன் தரும் மஹர் எனும் மணக்கொடை மணமகளுக்கே உரிய உடைமை. அவள் தந்தைக்கு உரியதன்று. சரி, ஒப்பந்தம் என்றால் அதை முடித்துக்கொள்ளவும் வழி இருக்கவேண்டுமன்றோ? ஆணுக்கு அந்த வழி அகலத் திறந்திருந்தது. பெண்ணுக்கு?

9ஆம் நூற்றாண்டில் புகாரி தொகுத்த நபிமொழி நூலில் இரு பெண்கள் வருகின்றனர். ஒருத்தி தாபித் இப்னு கைஸ் என்பவரின் மனைவி. கணவரின் ஒழுக்கத்திலோ சமயப் பற்றிலோ குறை காணவில்லை. ஆயினும் அவரோடு வாழ இயலவில்லை என்று நபிகளிடம் முறையிட்டாள். மணக்கொடையாகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தரச் செய்து, அவளை விடுவித்தார் நபிகள். 'குலா' எனும் மணவிலக்கு முறைக்குச் சான்றாகக் காட்டப்படுவது இந்நிகழ்ச்சியே.

மற்றொருத்தி பரீரா, அடிமைத்தளை நீங்கிய பெண். அடிமையாயிருந்தபோது வாய்த்த கணவன் முகீஸை அவள் விரும்பவில்லை. அவனோ மதீனத் தெருக்களில் அழுதபடி அவளைப் பின்தொடர்ந்தான். மனமிரங்கிய நபிகள், அவனிடம் திரும்பலாகாதா என்று கேட்டார். இது கட்டளையா என்றாள் அவள். இல்லை, பரிந்துரைதான் என்று விடை வந்தது. அவன் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் பரீரா. சமயத் தலைவரே பரிந்துரைத்தும், மனம் ஒப்பாத உறவை ஏற்கமாட்டேன் என்று மறுக்க அந்தப் பெண்ணால் முடிந்தது!

மனைவியை நெருங்குவதில்லை என்று ஆணையிட்டு, அவளை வாழவும் விடாமல் விலக்கவும் செய்யாமல் வைத்திருக்கும் கணவனுக்குக் குர்ஆன் விதித்த கெடு 4 மாதம். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலியோ, இல்லற இன்பத்தில் மனைவியின் நிறைவையும் கணவன் கருதவேண்டும் என எழுதினார். இன்பம் ஆணுக்கு மட்டுமே உரியதன்று என்பது இதன் பொருள்.

இத்தனையும் ஏட்டில் இருந்தன. நாட்டில் இருந்தது என்ன?

இந்திய முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றியது ஹனபி சட்டவழி. அதன்படி குலாவுக்கும் கணவனின் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற்போனால், அவன் வயதொத்தோர் அனைவரும் மறையும் காலம்வரை மனைவி காத்திருக்கவேண்டும். அதை அவனுடைய 90ஆம் வயது எனக் கணக்கிட்டோரும் உண்டு! சோறு போடாத கணவனிடமிருந்தும் அவளுக்கு விடுதலை இல்லை. மாலிகி சட்டவழியிலோ, காணாமற்போனவனுக்காக 4 ஆண்டு காத்திருந்தால் போதும். வேதம் ஒன்று, நபி ஒருவர். ஆனால் பெண்ணின் விடுதலை அவள் எந்தச் சட்டவழியினரின் வீட்டில் பிறந்தாள் என்பதைப் பொறுத்திருந்தது.

அந்த ஹனபி வழியிலேயே இன்னொரு விதியும் இருந்தது. மனைவி மதத்தைத் துறந்தால் மணம் அக்கணமே முறியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில், சிறப்பாகப் பஞ்சாபில், துன்புற்ற பெண்கள் இந்த விதியைப் பற்றிக்கொண்டனர். கொடிய கணவனைத் துறக்க வழியின்றி மதத்தையே துறந்தனர். வேதத்தை ஆராய்ந்து எடுத்த முடிவன்று அது. வேறு வாயில் இல்லாதவர்கள் சுவரை இடித்த செயல். 1930இல் வெளிவந்த தம் சொற்பொழிவு நூலில் இந்நிலையைச் சுட்டிக்காட்டினார் கவிஞர் இக்பால். அந்நூலின் சில சொற்பொழிவுகள் 1929இல் சென்னையில் நிகழ்த்தப்பட்டவை.

மார்க்க அறிஞர்கள் விழித்துக்கொண்டனர். தேவ்பந்து மரபில் வந்த மௌலானா அஷ்ரப் அலி தானவி, மதீனாவின் மாலிகி அறிஞர்களிடம் கருத்துப் பெற்று, 1931இல் ஒரு நூல் வெளியிட்டார். மதம் துறப்பதால் மணம் முறியாது என்றார். கூடவே, இடருற்ற பெண்ணுக்கு மாலிகி வழிப்படி விடுதலை தரலாம் என்றும் வழிகாட்டினார். 1936இல் காஜி முகம்மது அகமது காஸ்மி மத்திய சட்டசபையில் மசோதா கொணர்ந்தார். 1939 மார்ச் 17 அன்று முஸ்லிம் மணவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

கணவன் 4 ஆண்டு காணாமற்போனாலும், 2 ஆண்டு பராமரிக்காவிடினும், தக்க காரணமின்றி 3 ஆண்டு இல்லறக் கடமை ஆற்றாவிடினும், மண நாள்தொட்டு ஆண்மையற்றிருந்தாலும், கொடுமை புரிந்தாலும் பெண் நீதிமன்றம் சென்று விடுதலை பெறலாம். 15 வயதுக்கு முன் மணம் செய்விக்கப்பட்ட சிறுமி, கூடிவாழாதிருந்தால், 18 வயதுக்குள் அம்மணத்தை மறுக்கலாம். மதம் துறப்பது மட்டுமே மணத்தை முறிக்காது என்ற விதியும் சேர்ந்தது. இந்துப் பெண்ணுக்கு நாடு தழுவிய மணவிலக்குச் சட்டம் கிடைத்தது 1955இல்தான். 16 ஆண்டு கழித்து!

ஆயினும் தராசு சமமாகிவிடவில்லை. பெண் வழக்காடிப் பெறவேண்டியதை ஆண் வாய்ச்சொல்லால் பெற்றான். ஒரே மூச்சில் மும்முறை தலாக் சொல்லும் முறையை உச்சநீதிமன்றம் செல்லாததாக்கியது 2017 ஆகஸ்ட் 22 அன்றுதான். வழக்குத் தொடுத்தவர்கள் அப்போதும் முஸ்லிம் பெண்களே.

தோழர்களே! எங்கள் வேதத்தில் பெண்ணுக்கு உரிமை உண்டு என்று பெருமை பேசாத சமயத்தார் எவருமில்லை. இருக்கட்டும். அந்த உரிமை இன்று எந்த நீதிமன்றத்தில், எத்தனை நாளில், யார் தயவுமின்றி அவள் கைக்கு வரும் என்று கேளுங்கள். 1939இன் சட்டத்தில் காஸ்மியின் உழைப்பு உண்டு. தானவியின் புலமை உண்டு. அவர்களை அப்பணிக்குத் தள்ளியவர்கள், பெயர்கூடப் பதியப்படாத பஞ்சாப் பெண்கள். வரலாறு எழுதுவோர் அவர்களையும் எண்ணிப் பார்க்கட்டும்!