மலாயாத் தோட்ட லயங்களில் ஆட்டுக்கொட்டிலும் கோழிக்கூடும்: ஒரே கூரையின் வரலாறு

முன்னுரை

மலாயாத் தமிழர் வரலாறு பெரும்பாலும் கப்பல், கங்காணி, கூலி, தொழிற்சங்கம் ஆகியவற்றின் வழியாகவே எழுதப்பட்டுள்ளது. அவர்கள் வளர்த்த உயிர்களின் வழியாக அதனை நோக்கியோர் சிலரே. ரப்பர்த் தோட்ட லயங்களில் ஆடும் கோழியும் ஒரே கூரையின்கீழ் அடைந்தன. இதனை ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் என்றோ, தூய்மை அறியாமையின் விளைவு என்றோ கொள்வது முழுமையாகாது. நிலமின்மை, தோட்டச் சட்டம், மழைநாட்டின் இயல்பு ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு அது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தாய்நிலத்து வழக்கம்

பெரும்பாணாற்றுப்படை இடையர் குடியிருப்பைக் காட்டுமிடத்து, முள்வேலி சூழ்ந்த, எரு மிகுந்த முற்றத்தில் செம்மறியும் வெள்ளாடும் தங்குவதைக் கூறுகிறது. பட்டினப்பாலையில், காயும் உணவைத் தின்னவரும் கோழியை மகளிர் காதணி எறிந்து ஓட்டுகின்றனர். ஆட்டுக்குப் பட்டி, கோழிக்கு வீட்டு முற்றம் என்னும் பிரிவு இடம் வாய்த்த ஊர்களில் பிற்காலத்தும் தொடர்ந்தது. வறண்ட தரையில் முள்ளடைத்துப் பட்டி போடலாம். கோழியைப் பஞ்சாரத்தால் மூடி வைக்கலாம். இரண்டையும் ஒரே கூரைக்குள் அடைக்கவேண்டிய கட்டாயம் அங்கு இல்லை.

லயமும் துண்டு நிலமும்

மலாயாவில் நிலை வேறு. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைந்து, 1910இல் இந்திய ஒப்பந்தக்கூலி முறை நிறுத்தப்பட்டபின், கங்காணி முறையில் குடும்பங்களும் மிகுதியாக வந்தன. அவர்களுக்குக் கிடைத்தது வரிசையான அறைகளைக் கொண்ட லயம். பல லயங்கள் கால்நட்டுத் தரையினின்று உயர்த்திக் கட்டப்பட்டவை. வீடும் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை நின்றால் அறையும் இல்லை. தொழிலாளி தன்னுடையது என்று சொல்லத்தக்க சொத்து, நடக்கக்கூடிய சொத்தாகவே இருக்கமுடிந்தது.

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பமுள்ள இந்தியத் தொழிலாளிக்குப் பயிரிடவோ மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வகைசெய்தது. அஃது ஏறத்தாழ 6 சென்ட். கீரையும் மரவள்ளியும் போட்டபின் அதில் ஓர் ஆட்டுக்கும் ஆண்டு முழுவதும் தழை கிடையாது. ஆடு ரப்பர்க் காட்டுக்குள் போயாகவேண்டும். ஆயினும் இளங்கன்றின் பட்டையைக் கடிக்கும் ஆடும், மண்ணைக் காக்க வளர்த்த மூடுபயிரை மேயும் ஆடும் நிர்வாகத்தின் கண்ணில் குற்றவாளிகள். எனவே விடியலில் பால்வெட்டச் செல்லும்போது ஆடு கட்டுத்தறியில் நின்றது. வேலை முடிந்தபின் அவிழ்க்கப்பட்டது, அல்லது அறுத்த தழை அதனிடம் வந்தது. நாளின் பெரும்பகுதி அடைபட்டிருக்கும் உயிருக்குக் கொட்டில் இன்றியமையாதது. லயத்தின் அடியும் அதனை ஒட்டிய சாய்ப்பும் அதற்கு இடமாயின. மரநாய்க்கும் மலைப்பாம்புக்கும் அஞ்சிய கோழியும் இரவில் அங்கேயே ஒண்டியது.

மழைநாட்டுக் கொட்டில்

மலாயாவின் பல பகுதிகளில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. ஈரத்தரையில் நிற்கும் ஆட்டுக்குக் குளம்பு அழுகும், குடற்புழு பெருகும். மலாய்க் கம்பங்களில் வழங்கிய ஏற்பாடு இதற்கு விடையாக இருந்தது: கால்நட்டு, இடைவெளிவிட்டுச் சட்டம் பரப்பிய தளம், புழுக்கை கீழே விழ, ஆடு உலர்ந்து நிற்கும். கூரைக்கு அத்தாப்பு. பகலில் கோழிகள் பரணடியில் எருவைக் கிளறி ஈப்புழுக்களைப் பொறுக்கின. எரு காய்கறிப் பாத்திக்குச் சென்றது.

இச்சேர்க்கை இடரற்றதன்று. கோழி எச்சம் ஆட்டின் தழையிலும் தண்ணீரிலும் விழுந்தால் கழிச்சல் வரும். கோழிக்கு வைத்த நொய்யை ஆடு மிகுதியாகத் தின்றால் வயிறு புளித்து உப்பி இறக்கவும் கூடும். ஆகவே நல்ல கொட்டிலில் கூரை ஒன்றாயினும் இருப்பிடம் இரண்டாக இருக்கவேண்டும்: கோழி அடையும் கழி ஆட்டுத் தொட்டிக்கு நேர் மேலே அமையலாகாது, கோழித்தீனி ஆட்டின் வாய்க்கு எட்டலாகாது.

மறுபுறம், இரண்டையும் வளர்ப்பது இழப்பைப் பகிர்ந்தது. 1926இல் சாவகத்திலும் இங்கிலாந்திலும் கண்டறியப்பட்ட வெள்ளைக்கழிச்சல் நோய் ஒரு லயத்துக் கோழிகளையெல்லாம் சில நாள்களில் கொல்லவல்லது. ஆட்டை அது தொடுவதில்லை.

கொட்டிலின் பொருளியல்

1930இல் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த கூலி, பெருமந்தத்தில் அவ்வாண்டே முறையே 40, 32 எனக் குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இத்தகைய காலத்தில் கொட்டிலே சேமிப்பு. முட்டையும் கோழியும் பெண்களின் சிறுவாடு. ஆடு திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் பயணத்துக்கும் உரிய வைப்பு. முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் நேர்ந்துவிட்ட கிடாவும் சேவலும் அதே கூரையில்தான் வளர்ந்தன. லயத்தடிக் கொட்டில் சுகாதார அதிகாரிக்கு ஒழுங்கின்மை. குடும்பத்துக்கு அதுவே வங்கி.

கூரை கலைந்தமை

1948இல் நெருக்கடிநிலை தொடங்கியபின் பல தோட்டங்களில் லயங்கள் முள்கம்பி வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. ஊரடங்கு மேய்ச்சல் நேரத்தையும் சுருக்கியது. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளரே நிலவுடைமையாளராக வழிகாண 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பிற்காலத்தில் தோட்டங்கள் நகரமாயின. குடும்பங்கள் பல அடுக்குமாடிகளுக்குச் சென்றன. அங்கே கொட்டிலுக்கு இடமில்லை. கூலியோடு இணைந்திருந்த இரண்டாவது வருவாயும், பெண்ணின் கையிருப்பும், குலதெய்வத்துக்குரிய உயிரும் ஒருசேர நீங்கின. வீட்டுக்கு வீடு என்னும் கணக்கில் இவ்விழப்பு அடங்காது.

முடிவுரை

சட்டம் அளந்த 6 சென்ட் நிலத்துக்கும் குடும்பத்தின் தேவைக்கும் இடைப்பட்ட பள்ளத்தை அந்தச் சிறு கொட்டில் நிரப்பியது. தாய்நிலத்து வளர்ப்பறிவும் மலாய்க் கட்டட அறிவும் அதில் கலந்தன. தோட்ட வரைபடங்களில் லயமும் கோயிலும் கள்ளுக்கடையும் குறிக்கப்படுவதுபோல் கொட்டிலும் குறிக்கப்படவேண்டும். பரண் கட்டியோரும் கோழி அடைத்தோரும் முதுமையடைந்து வருகின்றனர். அவர்தம் வாய்மொழியைப் பதிவுசெய்வதே உடனடித் தேவையாகும்.