தோற்றவன் திரும்பி வந்த கதை: ககேகியோவும் ஒரு பழைய வீடியோ கேமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன் நாலு நாளாக ஒரு பழைய கேமில் மூழ்கிக் கிடக்கிறான். சிவப்புத் தலைமுடியை விரித்துப்போட்ட ஒரு வீரன் கையில் கத்தியோடு இடமிருந்து வலமாக நடந்துகொண்டே இருக்கிறான். எதிரே பேய், எலும்புக்கூடு, கொம்பு முளைத்த அரக்கன். வெட்டுகிறான், நடக்கிறான், மறுபடி வெட்டுகிறான். "சாமி விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேய் விளையாட்டு?" என்று வீட்டில் சத்தம். நானும் திட்டத்தான் போனேன். திரையில் இருந்த பெயரைப் பேரன் வாசித்துக் காட்டினான்: ககேகியோ. உடனே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கேமின் பெயர் 'கென்பெய் தோமா தென்'. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1986இல் ஆர்கேடுகளுக்காக, அதாவது காசு போட்டு விளையாடும் கூடங்களுக்காக வெளியிட்டது. அதே நாம்கோவின் பேக்மேனை உலகமே அறியும். இதை ஜப்பானுக்கு வெளியே அறிந்தவர்கள் குறைவு. வெளிநாட்டு ரசிகர்கள் கைக்கு இது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததே பத்து வருடம் கழித்து, பழைய கேம்களைச் சேர்த்து பிளேஸ்டேஷனுக்காகப் போட்ட 'நாம்கோ மியூசியம்' நான்காம் தொகுதியில்தான். அதற்குள் உலகம் முப்பரிமாண கேம்களுக்குப் போய்விட்டது. பழைய கட்டடத்தில் நல்ல கல்வெட்டு கவனிப்பாரற்றுக் கிடப்பதைப் போல ஆகிவிட்டது இதன் நிலை.

வகுப்பில் ஜப்பானைப் பற்றிச் சொல்ல நேர்ந்தபோதெல்லாம் நான் ஒரே வரிதான் சொல்லியிருக்கிறேன்: "1192இல் மினமோதோ யொரிதோமோ ஷோகன் ஆனார், ராணுவ ஆட்சி தொடங்கியது." எழுதிக்கொள்ளுங்கள் என்பேன், பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள். அந்த ஒரு வரிக்குக் கீழே எத்தனை பேர் புதைந்து கிடக்கிறார்கள் என்று அப்போது நின்று யோசிக்கவில்லை.

1180 முதல் 1185 வரை தைரா, மினமோதோ என்ற இரண்டு குலங்களுக்குள் போர். கடைசிச் சண்டை 1185 ஏப்ரலில், தான்-நோ-உரா என்ற கடல் இடுக்கில். தைரா படை நிர்மூலம் ஆனது. அவர்கள் பக்கம் இருந்த பேரரசர் அந்தோகுவுக்கு வயது ஆறு. பாட்டி அந்தக் குழந்தையை அணைத்துக்கொண்டு கடலில் குதித்தாள். அரச வம்சத்தின் மூன்று புனிதப் பொருட்களான வாள், கண்ணாடி, மணி ஆகியவற்றில் கண்ணாடியும் மணியும் மீண்டன. வாள் போனது போனதுதான். அந்தக் கடலில் பிடிபடும் ஒருவகை நண்டின் ஓட்டில் கோபம் கொண்ட மனித முகம் தெரிகிறது என்று ஊரார் சொல்வார்கள். மூழ்கிய தைரா வீரர்களின் ஆவியாம்.

அந்தப் படையில் இருந்தவன்தான் ககேகியோ. பிறப்பால் புஜிவாரா குலம், ஊழியத்தால் தைரா. தான்-நோ-உராவுக்குச் சற்று முன் நடந்த யஷிமா சண்டையில், ஓடிய எதிரியின் தலைக்கவசத்தில் தொங்கும் கழுத்துக்காப்பை வெறும் கையால் பிய்த்து எடுத்தவன் என்று புகழ். தோல்விக்குப் பின் தப்பினான். அதன் பிறகு அவனைப் பற்றி வரலாறு சொல்வது கொஞ்சம், கதை சொல்வது நிறைய. பிடிபட்டு, உண்ணாமல் உயிர்விட்டான் என்பது ஒரு மரபு. 1195இல் நாரா நகரின் தோதாய்-ஜி கோயில் திருப்பணி விழாவுக்கு யொரிதோமோ வந்தபோது அவனைக் கொல்லப் பதுங்கியிருந்தான் என்பது இன்னொன்று. சிகமத்சு 1685இல் எழுதிய பொம்மலாட்ட நாடகத்தில் யொரிதோமோ அவனை மன்னித்துவிடுகிறான். மன்னித்தவனைக் கண்டால் பழிவாங்கும் எண்ணம் மீண்டும் தலைதூக்கும் என்று ககேகியோ தன் கண்களைத் தானே பிடுங்கிக்கொள்கிறான்.

எனக்கு மிகவும் பிடித்தது நோ நாடகத்தில் வரும் ககேகியோதான். தூர தேசத்தில், குடிசையில், கண் தெரியாத கிழப் பிச்சைக்காரன். பார்த்தே அறியாத மகள் தேடி வருகிறாள். "ககேகியோவைத் தெரியுமா?" என்று அவனிடமே கேட்கிறாள். தெரியாது என்று அனுப்பிவிடுகிறான். பிறகு உண்மை வெளிப்பட்டு, அவள் கேட்டுக்கொண்டதால் அந்தக் கழுத்துக்காப்புக் கதையைச் சொல்கிறான். சொல்லி முடித்ததும் இருவரும் பிரிகிறார்கள். அவ்வளவுதான் நாடகம். அந்தத் தேசத்தில், இன்றைய மியாசாகியில், இகிமே என்ற கோயிலில் கண்நோய் தீர வேண்டி மக்கள் இன்றும் அவனை வணங்குகிறார்கள். (போன வருடம் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட எனக்கு இந்தத் தகவல் மறக்காது.)

இப்போது கேமுக்கு வருகிறேன். பாதாளத்திலிருந்து ககேகியோ எழுகிறான். தான்-நோ-உரா இருக்கும் நாகதோ நாட்டில் தொடங்கி, ஒவ்வொரு நாடாகக் கடந்து, யொரிதோமோ இருக்கும் கமகுராவுக்குப் போக வேண்டும். அவனுடைய உயிர் திரையில் மெழுகுவர்த்திகளாகத் தெரிகிறது. அடிபட அடிபட அவை குறைகின்றன. கத்தியைக் கண்டபடி கடினமான பொருள்மேல் வீசினால் அதன் வலிமை தேய்கிறது. பள்ளத்தில் விழுந்தால் நேரே யமலோகம். சில கட்டங்களில் ஆள் சுண்டுவிரல் அளவு, சிலவற்றில் திரையின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறான், சிலவற்றில் மேலிருந்து பார்க்கிறோம். பேரன் சொல்கிறான், ரொம்பக் கஷ்டமான கேம் என்று. அவன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டும்.

வழிமறிக்கும் பெரிய எதிரிகள் யார் என்று பார்த்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யோஷினகா, யோஷித்சுனே, யோஷித்சுனேயின் துணைவன் பென்கெய். மூவரும் யொரிதோமோ தரப்பு என்று கேம் வைத்திருக்கிறது. ஆனால் யோஷினகா யொரிதோமோவின் ஒன்றுவிட்ட சகோதரன். 1184இல் யொரிதோமோ அனுப்பிய படையே அவனை முடித்தது. யோஷித்சுனே சொந்தத் தம்பி, தான்-நோ-உராவை வென்று கொடுத்தவன். 1189இல் அண்ணனின் நெருக்குதலால்தான் அவன் உயிர் போனது. பென்கெய் அவனோடு நின்று இறந்தான் என்பது கதை. அப்படியானால் யொரிதோமோவுக்குக் காவல் நிற்பவர்கள் யொரிதோமோவே பலிகொண்டவர்கள். செத்தவனைச் செத்தவர்கள் தடுக்கிறார்கள், எல்லாம் ஒருவனுக்காக. கேம் செய்தவர்கள் இதை யோசித்தே வைத்தார்களோ, புகழ்பெற்ற பெயர்களை அப்படியே அள்ளிப் போட்டார்களோ, எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போது வயிற்றைப் பிசைந்தது.

இன்னொன்று. யொரிதோமோவை வீழ்த்த வேண்டுமானால் வழியில் அந்த மூன்று புனிதப் பொருட்களையும் சேர்த்தாக வேண்டும். அதாவது கடலுக்குள் போன வாளும் வேண்டும்.

"தாத்தா, நிஜத்துல இவன் யொரிதோமோவைக் கொன்னானா?" என்று பேரன் கேட்டான். இல்லை என்றேன். யொரிதோமோ 1199இல் இறந்தான். பாலத் திறப்பு விழாவுக்குப் போய்த் திரும்பும்போது குதிரையிலிருந்து விழுந்ததுதான் காரணம் என்பார்கள். கமகுரா அரசே எழுதிவைத்த நாளாகமத்தில் அந்தக் காலத்துப் பக்கங்கள் மட்டும் இல்லை. பின்னால் வந்த ஒரு நூலோ, வழியில் யோஷித்சுனேயின் ஆவியும் கடல்மேல் குழந்தை அந்தோகுவின் ஆவியும் அவன் கண்ணில் பட்டன, அதோடு நோயில் விழுந்தான் என்கிறது.

"அப்ப பேய்தான் ஜெயிச்சுதா?" என்றான்.

முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்த எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தப் போர்க்கதையை நூற்றாண்டுக் கணக்கில் ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர்கள் கையில் பீவா வாத்தியம் ஏந்திய பார்வையற்ற பாடகர்கள், அவர்கள் பாடியது ஜெயித்தவர்கள் பெயரால் அல்ல, ஹெய்கே என்ற தோற்ற குலத்தின் பெயரால்தான் என்று மட்டும் சொன்னேன். அவன் 'ம்' கொட்டிவிட்டு மறுபடி கத்தியை எடுத்தான். அடுத்த நிமிடமே பள்ளத்தில் விழுந்தான்.

இன்று காலைவரை அவனுக்கு இரண்டு பொருள் கிடைத்திருக்கிறது. வாள் இன்னும் கிடைக்கவில்லை.