கணினியும் அதன் ஓவியனும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், கொட்டாஞ்சேனையிலுள்ள எமது பாடசாலைக்குப் பழைய மாணவர்கள் திரட்டித் தந்த பணத்திலே இரண்டு கணினிகள் வாங்கினோம். புத்தம் புதிய தலைமுறையைச் சேர்ந்தவை என்று விற்றவர் உறுதி கூறினார். இயக்கிப் பார்த்தோம். விசிறி சுழன்றது, திரையோ இருண்டே கிடந்தது. கலைப் பட்டதாரியாகிய நான் செய்வதறியாது நின்றேன். தரம் 11இல் பயிலும் மாணவன் ஒருவன் சீட்டைப் பார்த்துவிட்டு, "சேர், இலக்கத்தின் பின்னால் 'எஃப்' என்று இருக்கிறது, இதற்குள் படம் வரையும் பகுதி இல்லை" என்றான். அந்த ஓரெழுத்தின் பின்னே நெடியதொரு வரலாறு உண்டு. அதனையே இன்று கூற விழைகின்றேன்.

கணினியினுள்ளே கணக்கன் ஒருவனும் ஓவியன் ஒருவனும் இருப்பதாகக் கொள்வோம். கணக்கனே செயலி. அவன் கணித்ததைத் திரையிலே தீட்டிக் காட்டும் ஓவியனே வரைகலைப் பகுதி. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணினியை வெளியிட்டபோது, இன்டெலின் 8088 அதிற் கணக்கனாயிற்று. ஓவியனோ தனி அட்டையொன்றிலே குடியிருந்தான். அக்காலத்து அட்டைகளுள் ஒன்று எழுத்துக்களை மட்டுமே காட்டும். வரிக்கு 80 எழுத்தாக 25 வரிகள். அதிலே நிலையாகப் பதிந்திருந்த 256 உருக்களுள், நம் 247 எழுத்துக்களில் ஒன்றுக்கேனும் இடமில்லை.

இக்குறையைத் தீர்க்க, 1980களிற் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே ஆய்வு தொடங்கிற்று. 1988இல் நிறுவப்பெற்ற சி-டாக் நிறுவனம் அதனைத் தொடர்ந்து, 'ஜிஸ்ட்' என்னும் அட்டையைப் பரப்பிற்று. அதனைச் செருகிய கணினியிலே தமிழும் ஏனைய இந்திய எழுத்துக்களும் தோன்றின. தமிழைத் திரையிற் காண்பதற்கே தனி அட்டை வாங்கவேண்டியிருந்த காலம் அது!

இதனிடையே செயலிகள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தன. 1985இல் 386, 1989இல் 486, 1993இல் பென்டியம். ஒவ்வொரு தலைமுறையும் அயலிலிருந்த ஒருவரைத் தன் வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. தசமக் கணக்குகளை விரைந்து செய்யத் தனியே விற்கப்பட்ட துணைச் செயலியை 486 தன்னுள் அடக்கிற்று. ஆயினும் 1991இலே அப்பகுதி இயங்காத 'எஸ்எக்ஸ்' என்னும் வகையும் மலிவாக விற்கப்பட்டது. எமது 'எஃப்' எழுத்துக்கு அதுவே முன்னோடி எனலாம்.

ஓவியனும் இவ்வாறே படிப்படியாக உள்ளே வந்தான். 1999இல் இன்டெல் 810 என்னும் துணைச் சில்லுத் தொகுதியோடு தாய்ப்பலகைக்கு வந்தான். 2010 ஜனவரியிலே செயலியின் உறைக்குள் இரண்டாம் சில்லாக அமர்ந்தான். 2011இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறைக் கோர் செயலிகளில் இருவரும் ஒரே சிலிக்கன் துண்டில் ஒன்றினர். 2006இல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கிய ஏஎம்டியும் 2011இலே இவ்வழியிற் சென்றது.

இது கூட்டுக் குடும்பம் போன்றது. தனி அட்டையின் செலவும் மின்சாரமும் மிச்சம். ஆனால் ஓவியனுக்குத் தனிக் களஞ்சியம் இல்லை. கணக்கனின் நினைவகத்திலேயே பங்கு பெறவேண்டும். கடிதம், பாடம், திரைப்படம் ஆகியவற்றுக்கு அது போதும். பெரும் விளையாட்டுக்கும் படத்தொகுப்புக்கும் தனி அட்டையே ஏற்றது. அத்தகைய அட்டையை எப்படியும் வாங்குவோருக்காகவே, 2019 முதல் ஓவியனில்லாத 'எஃப்' வகை விற்பனைக்கு வந்தது. இன்னுமொரு புதுமை: 2023 டிசெம்பரில் வந்த கோர் அல்ட்ரா செயலிகளிலே, ஒரே உறைக்குள் ஓவியன் மீண்டும் தனித் துண்டாகிவிட்டான்!

ஆகவே தலைமுறை இலக்கம் ஒன்றை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்தல் தகாது. பம்பலப்பிட்டியிலோ வேறெங்கோ பிள்ளைக்குக் கணினி வாங்கச் செல்லும் பெற்றோர், "இதிலே படம் வரையும் பகுதி உண்டா? நினைவகம் எவ்வளவு?" என்று கேட்டறிவாராக. யாம் அதனைக் கேளாது விட்டோம். பழைய கணினிகளிலிருந்து கழற்றிய இரண்டு அட்டைகளே எம்மைக் காத்தன.